பிரேக்கின் ஒலி

1888ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், பெர்த்தா பென்ஸ் என்னும் ஜெர்மானிய அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் ஆக்கிய மோட்டார் வண்டியில் மைந்தர் இருவருடன் மான்ஹைம் நகரினின்றும் புறப்பட்டார். அவர் செல்ல விரும்பிய ஃபோர்ட்ஸ்ஹைம் நகரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில் இருந்தது. வழியிலுள்ள சரிவுகளில் இறங்குங்கால், மரத்தாலாகிய பிரேக்குக் கட்டைகள் தேய்ந்து பயனற்றுப் போயின. அவ்வம்மையார் மனந்தளர்ந்திலர், செருப்புத் தைப்பார் ஒருவரைக் கொண்டு அக்கட்டைகளின்மேல் தோலை அறைவித்துப் பயணத்தைத் தொடர்ந்தார். தேய்வதற்கென்றே ஒரு பொருளை வைத்து, அது தேய்ந்தபின் மாற்றிக்கொள்ளும் அம்முறையே இக்காலத்துப் பிரேக்கிலும் விளங்குகின்றது.

இன்றைய கார்களின் முன்சக்கரங்களோடு, டிஸ்க் எனப்படும் வட்டமான வார்ப்பிரும்புத் தகடு சேர்ந்து சுழலும். அதன் இருமருங்கிலும் பேடு எனப்படும் பட்டைகள் உள்ளன. உராய்வுப் பொருளை எஃகுத் தகட்டின்மீது பதித்துச் செய்யப்பட்டவை அவை. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தவுடன், குழாயிலுள்ள நீர்மத்தின் அழுத்தம் பேடுகளை டிஸ்க்கின்மேல் நெருக்கும். வண்டியின் வேகம் வெப்பமாக மாறும், வண்டி நிற்கும், பேடும் சிறிது தேயும்.

கிறீச்சென்னும் ஒலி எங்ஙனம் பிறக்கின்றது? பிடில் வாசிப்பவர் வில்லை இழுக்குங்கால், வில் நரம்பைப் பற்றி இழுத்துச் சென்று நழுவ விடுகின்றது, மீண்டும் பற்றுகின்றது. நரம்பு அதிர்ந்து இசை எழுகின்றது. பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று பற்றியும் நழுவியும் நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிர்வதுண்டு. அவ்வதிர்வினால் டிஸ்க் கோயிற் சேமக்கலம் போல ஒலிக்கத் தொடங்கும். இனிமை மட்டும் இராது. இரவில் பனியோ மழையோ நனைத்த டிஸ்க்கின்மேல் மெல்லிய துரு படியும். காலையில் இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்த அளவில் அத்துரு உரைந்து நீங்க, ஒலியும் அடங்கும். இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. உலோகத்தூள் மிகுதியாகக் கலந்த பேடுகளும், புழுதி படிந்தவையும் ஒலிப்பதுண்டு.

அஞ்சவேண்டிய ஒலி வேறு. பல கார்களின் பேடுகளில் சிறிய எஃகு நாக்கு ஒன்றை வேண்டுமென்றே பொருத்தியுள்ளனர். உராய்வுப் பொருள் ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டராகக் குறைந்தவுடன், அந்நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். காலை, மாலை, மழை, வெயில் என்ற வேறுபாடின்றி நாள்தோறும் கேட்கும் அவ்வொலி, பேட்டை மாற்றுக என்று கூறும் எச்சரிக்கையாகும். அது செவிக்கு இன்னாது என்று வானொலியை உரக்க வைத்துக்கொண்டு செல்வாரும் உளர்! எச்சரிக்கையைப் புறக்கணித்தால் உராய்வுப் பொருள் முற்றும் தேய்ந்து, எஃகுத் தகடே டிஸ்க்கை அராவும். அப்பொழுது கரகரவென்னும் ஒலி எழும். டிஸ்க்கில் வரிவரியாகப் பள்ளம் விழும். பேட்டோடு டிஸ்க்கையும் மாற்ற நேரும். செலவினும் பெரிய கேடு ஒன்றுண்டு: வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நில்லாது. குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போது, அந்தச் சில அடித் தொலைவு ஓர் உயிரின் விலையாகிவிடும்.

எல்லா வண்டிகளிலும் அவ்வெஃகு நாக்கு இருப்பதில்லை. ஆதலின் ஒலி கேளாமையை மட்டும் நம்புதல் தகாது, கண்ணாலும் காணவேண்டும். புதிய பேட்டின் உராய்வுப் பொருள் பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிப்புடையது. அது 3 மில்லிமீட்டர் ஆனவுடன் மாற்றுதல் நன்று. சக்கரத்தின் இடைவெளி வழியே வெளிப்பேடு தெரியும். உட்பேடு விரைந்து தேய்ந்திருத்தலும் கூடுமாகையால், சக்கரத்தைக் கழற்றிப் பார்ப்பதே முறை. இத்தனை கிலோமீட்டர் என்று வரையறுத்தல் இயலாது. நெருக்கடி மிக்க நகரத் தெருக்களில் ஓடும் வண்டியின் பேடு, நெடுஞ்சாலையில் ஓடுவதினும் விரைவில் தேயும். 70 கொண்டையூசி வளைவுகளையுடைய கொல்லிமலைச் சாலையில் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவாரது பேடோ கடுஞ்சூடேறிப் பிடிப்பையும் இழக்கும். அத்தகைய இறக்கத்தில் தாழ்ந்த கியரில் இறங்குதலே தக்கது.

பேட்டை மாற்றுங்கால் ஒரு சக்கரத்திற்கு மட்டும் மாற்றலாகாது. அதே அச்சிலுள்ள மற்றைச் சக்கரத்திற்கும் மாற்றவேண்டும். இல்லையேல் பிரேக்கை மிதிக்கும்போது வண்டி ஒருபுறமாக இழுக்கும். புதிய பேடு பொருத்தியபின், முதன்முறை மிதிக்கும்போது மிதி அடிவரை தாழ்ந்துவிடும். ஆதலால் தேர்ந்த மெக்கானிக்கு, வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பலமுறை அழுத்தி, அது காலுக்கு இறுகி நிற்பதை அறிந்த பின்னரே சாவியைத் திருப்புவார்.