தேளும் நரம்பின் மின்சாரமும்

சித்தூர் மாவட்டத்து வேர்க்கடலை வயல்களிலும், திருப்பதியைச் சூழ்ந்த மலையடிவாரக் கற்குவியல்களிலும் தேள் மக்களுக்குப் பழக்கமான உயிர். தமிழில் தேள், தெலுங்கில் தேலு; பெயரில்கூட வேற்றுமை அதிகமில்லை. 1954இல் திருப்பதியில் நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை, 1960களில் இந்த எளிய உயிரையே நரம்பியல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. பேராசிரியர் கே. பம்பாபதி ராவும் அவருடன் பணியாற்றியவர்களும் ஹெட்டிரோமெட்ரஸ் ஃபல்விபெஸ் என்னும் கருந்தேளின் நரம்பு வடத்தில் எழும் மின் துடிப்புகளை ஆராய்ந்தனர். பகலில் ஒடுங்கியிருந்து இரவில் இரை தேடும் இதன் நாள்முறைத் தாளத்தில் இரத்தத்தில் கலந்துள்ள பொருள்களுக்கும் பங்குண்டு என்பது பற்றி ராவ், கோபாலகிருஷ்ண ரெட்டி ஆகியோரின் கட்டுரை 1967இல் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று.

நரம்பில் மின்சாரம் ஓடுகிறது என்றவுடன் செம்புக் கம்பியே பலருக்கு நினைவுக்கு வரும். இவ்வொப்புமை பாதியளவே பொருந்தும். கம்பியில் நகர்பவை எலெக்ட்ரான்கள். நரம்பிலோ உப்பின் அயனிகள். கம்பிக்கு வேண்டிய மின்சாரம் வெளியிலிருந்து வருகிறது. நரம்பணு தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

மனித நரம்பணுவினுள் பொட்டாசியம் மிகுதி. வெளியே சோடியம் மிகுதி. அணுச்சவ்வில் உள்ள ஒரு புரத எந்திரம் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்து இவ்வேற்றுமையை இடையறாது காத்து வருகிறது. உள்ளிருக்கும் பொட்டாசியம் தனக்குரிய வழிகளில் சிறிது சிறிதாக வெளியே கசிவதால், உட்புறம் ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் அளவுக்கு எதிர்மின் நிலையை அடைகிறது. கைவிளக்கு மின்கலத்தின் 1.5 வோல்ட்டுடன் ஒப்பிட்டால் இது அற்பமே. ஆனால் சவ்வின் கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதை எண்ணினால், அங்கு நிலவும் மின்புலத்தின் வலிமை வியப்பூட்டும்.

தூண்டல் ஏற்பட்டு இவ்வழுத்தம் ஓர் எல்லையைத் தாண்டியதும், சோடியத்தின் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, உட்புறம் நேர்மின் நிலைக்கு மாறுகிறது. உடனே அவ்வாயில்கள் அடைபடுகின்றன. பொட்டாசியத்தின் வாயில்கள் திறந்து பழைய நிலை மீள்கிறது. இவையனைத்தும் ஓரிரு மில்லிவினாடிகளில் முடிந்துவிடும். ஓரிடத்து மாற்றம் அடுத்த இடத்து வாயில்களைத் திறப்பதால், வெடித்திரியில் தீ பரவுவதுபோல் துடிப்பு முன்னேறுகிறது. திரி சாம்பலாகிவிடும், நரம்போ உடனே அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகும். மயலின் உறையுள்ள பருத்த இழைகளில் இதன் வேகம் வினாடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். உறையற்ற மெல்லிய வலியிழைகளில் ஒரு மீட்டர் அளவே. கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் இச்செயல்முறையை அளந்து, 1952இல் கணித வடிவில் விளக்கிய ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் 1963இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இவ்வாயில்கள் குறித்த நேரத்தில் மூடாவிட்டால் என்ன நேரும் என்பதற்குச் செந்தேளின் நஞ்சே சான்று. பெரிய கருந்தேளைக் கண்டு அஞ்சுவோர் பலர். உயிருக்கு உலை வைப்பது உருவில் சிறிய செந்தேளே. அதன் நஞ்சிலுள்ள சில புரதங்கள் சோடியம் வாயில்களை அடைபடவிடுவதில்லை. வேறு சில பொட்டாசியத்தின் வழிகளை அடைத்துவிடுகின்றன. எனவே நரம்பு ஓயாமல் துடிக்கிறது. அட்ரினலின் போன்ற பொருள்கள் இரத்தத்தில் பெருகுகின்றன. கொட்டுண்டவர் வியர்த்து, வாந்தியெடுத்து, கைகால் சில்லிட்டுப் போகிறார். இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்துவிட்டால் மரணம் நேரலாம். சிறுவர்களுக்கே இடர் மிகுதி.

கொட்டுவாயில் செலுத்தப்படும் லிக்னோகெயின் சோடியம் வாயில்களை அடைத்து வலியைத் தணிக்கிறது. ஆனால் உடலெங்கும் பரவிய நஞ்சின் விளைவை அது தடுக்காது. அதற்கு வழிகாட்டியவர் மகாராட்டிரத்தின் மகாட் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் எச். எஸ். பவாஸ்கர். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பிரசோசின் என்னும் மலிவான மாத்திரை இங்குப் பயன்படும் என்பதை அவர் 1980களில் எடுத்துக்காட்டினார். செந்தேள் நஞ்சுக்கான முறிமருந்தும் இந்தியாவில் தயாரிக்கப்படுகிறது. கொட்டுவாயைக் கீறுவதாலோ இறுகக் கட்டுவதாலோ பயனில்லை; மேற்கூறிய குறிகள் தோன்றியவுடன் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைவதே முறை.