காருக்குள் மழை! ஓட்டை எங்கே இருக்கிறது?

இரவு முழுவதும் நல்ல மழை. காலையில் கல்யாணத்துக்குப் புறப்பட வேண்டும். பட்டுப் பாவாடை கட்டிய சிறுமி முதல் ஆளாக ஓடிப்போய்க் காரில் காலை வைக்கிறாள்.

"சளக்!"

"அம்மா! காருக்குள் குளம்!"

கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன. கதவுகளும் பூட்டித்தான் இருந்தன. பிறகு தண்ணீர் எந்த வழியாக வந்தது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் பல வீட்டு வாசல்களில் கேட்கும் கேள்வி இது.

"ஈரம்தானே! வெயில் அடித்தால் காய்ந்துவிடும்" என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது பெரிய தவறு.

காரின் தரைவிரிப்புக்கு அடியில் கனமான பஞ்சு இருக்கிறது. மேலே கையை வைத்தால் காய்ந்தது போலத் தெரியும். அடியிலோ தண்ணீர் நாள் கணக்கில் தேங்கி நிற்கும். நாற்றம் எடுக்கும். பூஞ்சை பிடிக்கும். மூச்சிரைப்பு உள்ள குழந்தைகளுக்கு அந்தக் காற்று ஆகாது. தரைத் தகடு துருப்பிடிக்கும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தக் காலத்துக் கார்களில் விரிப்புக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் மின்சார வயர்கள் ஓடுகின்றன. விபத்தில் உயிரைக் காக்கும் காற்றுப்பைக்கான வயரின் இணைப்பு, பல கார்களில் சீட்டின் கீழேதான் இருக்கிறது. அது பாசம் பிடித்தால் என்ன ஆகும்?

மழைதானா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே நிற்பது மழைத் தண்ணீர்தானா?

ஏ.சி. ஓடும்போது அதன் குளிர்ந்த குழாய்கள் வியர்க்கும். அந்தத் தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். தூசி அடைத்துக்கொண்டால் அது உள்ளேயே கொட்டிவிடும். மழையே இல்லாத நாளில், ஏ.சி. போட்டு ஓட்டிய பிறகு முன்சீட்டின் கீழே ஈரமா? காருக்கு அடியில் ஒரு சொட்டுக்கூட இல்லையா? அப்படியானால் குற்றவாளி மழை அல்ல!

தண்ணீர் பிசுபிசுப்பாக, நிறத்தோடு, இனிப்பு வாடை வீசினால் அது எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட். அது விஷம். குழந்தைகளை அருகில் விடாமல் உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

வேப்பிலை செய்யும் வேலை

முன் கண்ணாடியில் விழும் மழை எல்லாம் எங்கே போகிறது? வைப்பருக்குக் கீழே ஒரு தொட்டி போன்ற பள்ளம் மறைந்திருக்கிறது. அதில் இறங்கி, பக்கத்துத் துவாரங்கள் வழியாகத் தரையில் விழுகிறது.

நிழலுக்காக வேப்ப மரத்தின் அடியில் காரை நிறுத்துகிறார்கள். பழுத்த இலையும் பூவும் அந்தப் பள்ளத்தில் விழுந்து சேறாகித் துவாரத்தை அடைக்கின்றன. பள்ளம் நிரம்புகிறது. உள்ளே காற்று போகும் வழியாகத் தண்ணீரும் போகிறது!

இதற்கு ஒரு காசு செலவு இல்லை. இலைகளை அள்ளிவிட்டு ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்க்கலாம். முன் சக்கரத்தின் பக்கமாக அது தடையில்லாமல் கீழே விழுந்தால் வழி திறந்துவிட்டது.

கூரையில் திறக்கும் கண்ணாடி உள்ள கார்களிலும் இதே கதைதான். அதன் மூலைகளில் வடிகுழாய்கள் உண்டு. அடைத்தால் உள் கூரை நனையும். கம்பியை விட்டுக் குத்தக்கூடாது. குழாய் கழன்றுவிடும்.

கதவுக்குள்ளே தண்ணீர்!

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. மழை பெய்யும்போதெல்லாம் கார்க் கதவின் உள்ளே தண்ணீர் இறங்கத்தான் செய்கிறது. ஏறி இறங்கும் கண்ணாடியை ஒட்டி அது வழியும். இது குறை அல்ல. கதவின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக அது வெளியேறிவிடும். அந்த ஓட்டைகளை மண் அடைத்தால்தான் தொல்லை.

கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளும் ஒட்டியிருக்கும். ஸ்பீக்கர் மாட்டுகிறவர்கள் சிலர் அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு அப்படியே மூடிவிடுகிறார்கள். பாட்டுக் கேட்கிறது. தண்ணீரும் வருகிறது!

கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைச் சோதிப்பது சுலபம். ஒரு துண்டுக் காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுக்க வேண்டும். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் தளர்ந்துவிட்டது.

ஆங்கிலக் காரும் ஒழுகியது

கார் செய்கிறவர்களே ஏமாந்ததும் உண்டு. 1959 ஆகஸ்டில் இங்கிலாந்தில் "மினி" என்ற சின்னஞ்சிறு கார் விற்பனைக்கு வந்தது. அலெக் இசிகோனிஸ் என்ற நிபுணர் வடிவமைத்தது. ஊரே புகழ்ந்தது. மழைக்காலம் வந்ததும் வாங்கியவர்களின் கால்கள் நனைந்தன!

காரணம் என்ன? ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது படிய வேண்டும். மாற்றி வைத்தால் ஒழுகும். மினியின் தரைத் தகடுகளில் அப்படித்தான் ஆகிவிட்டது. இணைப்பின் வாய் முன்பக்கம் பார்த்தபடி இருந்தது. முன் சக்கரங்கள் வாரி அடித்த தண்ணீர் அதில் புகுந்தது. பிறகு இணைப்பைத் திருப்பி அமைத்தார்கள். 2000 வரை 53 லட்சத்துக்கும் மேற்பட்ட மினி கார்கள் செய்யப்பட்டன.

துப்பறியும் முறை

ஓட்டு வீட்டில் ஓடு உடைந்த இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறு. காரும் அப்படித்தான். கூரையில் புகுந்த தண்ணீர் காலடியில் வந்து நிற்கும்.

ஆகவே இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச் விளக்கோடு உள்ளே உட்காரட்டும். மற்றவர் வெளியிலிருந்து குழாயில் மெதுவாகத் தண்ணீர் விடட்டும். பீய்ச்சி அடிக்கக்கூடாது. கீழிருந்து தொடங்கி மேலே போக வேண்டும். ஓர் இடத்துக்குச் சில நிமிடம். முதலிலேயே கூரையில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து ஒன்றும் புரியாது. டிக்கி ஒழுகினால் பின் விளக்கைச் சுற்றியுள்ள ரப்பரையும் பார்க்க வேண்டும்.

இடம் தெரிந்த பிறகே பசை. அதுவும் வெளிப்பக்கம், நன்றாகக் காய்ந்த பிறகு. உள்ளே மட்டும் பூசினால் தண்ணீர் தகடுகளுக்கு நடுவே தங்கித் துருவை வளர்க்கும். முன் கண்ணாடியின் ஒட்டு விட்டிருந்தால் வீட்டில் கை வைக்க வேண்டாம். கண்ணாடியைக் கழற்றித் திரும்ப ஒட்டுவது தொழில் தெரிந்தவர் வேலை.

2015 டிசம்பரில் சென்னையில் நடந்தது போல வெள்ளமே காருக்குள் புகுந்தால் அது வேறு விஷயம். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

பழுது பார்த்ததும் விரிப்பைத் தூக்கி, மின்விசிறி வைத்துப் பஞ்சைக் காய வைக்க வேண்டும். பிறகு வெறும் தரையில் பழைய செய்தித்தாளைப் பரப்பி ஒரு மழைக்குக் காத்திருக்கலாம். மறுநாள் காலையில் தாள் காய்ந்தே இருந்தால் விரிப்பைத் திரும்பப் போடலாம். ஒரு மூலையில் நனைந்திருந்தால் மீண்டும் குழாயை எடுக்க வேண்டியதுதான்.