ஐப்பசித் தண்ணீரில் ஒரு படகுப் பயணம்

ஓய்வும் பயணமும் வசதி படைத்தவர்களுக்கு மாத்திரம் உரியவை என்ற எண்ணம் எமது சமூகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. அதிலும் யுத்தத்தில் கணவனை இழந்த ஒரு பெண், பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு பெண், ஒரு நாள் சந்தோசமாக வெளியே போய் வந்தாலே ஊர் வாய் சும்மா இருப்பதில்லை. "அவளுக்கு இப்ப சுற்றுலா ஒண்டுதான் குறை" என்ற சொல் உங்களில் பலருக்கும் பழக்கமானதாகவே இருக்கும்.

நான் ஹட்டன் பகுதியில் சமூக சேவையாளராகப் பணியாற்றுகிறேன். கடந்த ஐப்பசியில் வன்னியிலிருந்து வந்த ஆறு சகோதரிகளும் இங்குள்ள தோட்டப் பெண்கள் ஆறு பேரும் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் படகேறினார்கள். நானும் உடன் சென்றேன். அந்த அனுபவத்தையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கிருந்து வரும் தண்ணீர்?

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் போகும்போது தேயிலை மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து தெரிவதுதான் காசல்ரீ. இது இயற்கையான ஏரி அல்ல. பொகவந்தலாவைப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் கெசல்கமு ஓயாவை மறித்து 1960களில் கட்டப்பட்ட நீர்த்தேக்கமாகும். பக்கத்துப் பள்ளத்தாக்கில் மஸ்கெலியா ஓயாவை மறித்துக் கட்டப்பட்டது மவுசாகலை. இவ்விரு ஆறுகளும் மலையிறங்கிக் கித்துல்கலைக்கு அருகே ஒன்றாகிக் களனி கங்கையாகின்றன. கொழும்பு மக்கள் குடிப்பதும் பெருமளவில் இந்தக் களனித் தண்ணீரைத்தான்.

மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போய்விட்டது. கடும் வரட்சி வரும்போது அங்கிருந்த கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். ஆகவே, மலையகத்திலும் இடம்பெயர்ந்த கதைகள் உண்டு. இந்தத் தண்ணீரால் சுழலும் மின்நிலையங்கள் நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்தன. அதே கரையிலிருந்த பல லயங்களுக்கு மின்சாரம் வந்து சேர்ந்ததோ நெடுங்காலம் கழித்துத்தான்.

பன்னிரண்டு பெண்களும் ஒரு படகும்

வன்னியிலிருந்து வந்தவர்களில் இருவரின் பெற்றோர் 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள். உறவினரைப் பார்க்க வந்த இடத்தில்தான் படகுப் பேச்சு எழுந்தது. தீபாவளி முடிந்த கிழமை அது. தோட்டத்துப் பெண்கள் தமது சிறுசேமிப்புக் குழுவிலிருந்து கொஞ்சப் பணம் எடுத்தார்கள். எல்லோரும் சேர்ந்து, உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஒரு தம்பியின் இயந்திரப் படகை வாடகைக்குப் பேசினோம். ஒரு தடவைக்கு ஆறு பேர் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சேலைக்கு மேல் உயிர்காப்பு அங்கி போட ஒரு அக்கா வெட்கப்பட்டபோது, "போடாட்டி படகு எடுக்க மாட்டேன் அக்கா" என்று இயந்திரத்தை நிறுத்தியே வைத்திருந்தார்.

வன்னியிலிருந்து வந்த ஒரு அக்கா படகின் நடுப்பலகையை இறுகப் பிடித்தபடி இருந்தார். அவர் 1996இல் தென்மராட்சியிலிருந்து கிளாலிக் கடல்நீரேரி வழியாக வன்னிக்குப் போனவர். கரை கொஞ்சம் தூரமான பிறகு அவராகவே பேசத் தொடங்கினார்.

"அண்டைக்கு இருட்டுக்குள்ளதான் ஏத்தினவை. பிள்ளை அழுதா வாயைப் பொத்தச் சொன்னவை. தண்ணியை நான் பாக்கவேயில்லை. சத்தம் மட்டும்தான் கேட்டது."

யாரும் பதில் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவர் குனிந்து, ஒரு கையால் தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பில்லை என்ன?" என்றார். பிறகுதான் பலகையைப் பிடித்திருந்த மற்றக் கையையும் எடுத்தார்.

தோட்டத்துப் பெண்களின் வியப்பு வேறு விதமானது. "இருவது வருசமா இந்தத் தண்ணியப் பாத்துக்கிட்டே கொழுந்து எடுக்குறோம். ஒரு நாளும் ஏறுனதில்ல" என்றார் ஒருவர். தண்ணீரின் நடுவிலிருந்து தாம் வேலை செய்யும் மலையை நிமிர்ந்து பார்த்தவர், "ஏங்க்கா, இவ்வளவு சரிவுலயா நாம கூடையச் சுமந்துகிட்டு ஏறி எறங்குறோம்?" என்று கேட்டார். தினமும் செய்யும் வேலையின் பாரத்தை அவர் அன்றுதான் தூரத்தில் நின்று பார்த்தார்.

ஓய்வும் ஒரு உரிமையே

சமூகவியல் படித்த காலத்தில், ஓய்வு நேரம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை என்று நூல்களில் வாசித்திருக்கிறேன். அதன் பொருளை எனக்கு விளங்கவைத்தவர்கள் இந்தப் பெண்கள்தான். கொழுந்து நிறுத்த பிறகு தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகள் என்று தோட்டப் பெண்ணின் நாள் நீள்கிறது. தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் வன்னிப் பெண்ணுக்கோ கூலி வேலையும் கடனும் அலுவலக வாசல்களும். இருவருக்கும் ஓய்வு என்பது நோய் வந்தால் மாத்திரம் கிடைப்பது.

ஒரு படகுப் பயணம் இழந்ததைத் திருப்பித் தராது, கடனை அடைக்காது. ஆனால் இதுவரை எமது பெண்கள் ஏறிய படகுகளில் பலவும் உயிருக்குப் பயந்து ஏறியவை. போகும் இடத்தையும் நேரத்தையும் வேறு யாரோ தீர்மானித்தார்கள். இந்தப் பயணத்தின் நாளையும் திசையையும் திரும்பும் நேரத்தையும் அவர்களே தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானிக்கும் பழக்கம்தான் முக்கியம். கரையேறிய பின் நடந்த பேச்சில், அடுத்த வருடம் தோட்டத்துப் பெண்கள் கிளிநொச்சிக்கு வருவதென்றும், அதற்கு இரு குழுக்களும் மாதாமாதம் சேமிப்பதென்றும் முடிவாகியது.

தண்ணீரை மதிப்போம்

பயணம் சந்தோசமானதாக முடிய வேண்டுமானால் சில விடயங்களில் கண்டிப்பு வேண்டும். 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி கேரளாவின் தேக்கடியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மிருகங்களைப் பார்க்கப் பலரும் ஒரே பக்கம் சாய்ந்தது அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்ததில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் பலியானார்கள். எனவே சகோதரிகளே, எந்த நீரில் ஏறினாலும் இவற்றை மறக்க வேண்டாம்:

உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் ஏற வேண்டாம். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவுக்கு ஏற்ற அங்கியைக் கேளுங்கள்.

படகு எத்தனை பேரைத் தாங்கும் என்று முதலில் கேளுங்கள். ஒருவர் கூடினாலும் அடுத்த தடவைக்குக் காத்திருங்கள்.

படகு ஓடும்போது எழுந்து நிற்கவோ எல்லோரும் ஒரு பக்கம் சாயவோ கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் மலைநாட்டில் பெரும்பாலும் காலையில் வெயிலும் பின்னேரம் இடியுடன் மழையும் வரும். காலையிலேயே போய்வந்துவிடுங்கள். வானம் கறுத்தால் உடனே கரைக்குத் திரும்புங்கள்.

மழைநாட்களில் நீர்த்தேக்கங்களின் வான்கதவுகள் திறக்கப்படும்போது கீழே உள்ள ஆறுகள் திடீரெனப் பெருகும். அவ்வேளையில் ஆற்றில் குளிக்கவோ துணி துவைக்கவோ இறங்க வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையும் மண்சரிவும் மலையகத்தை எவ்வளவு பாதித்தன என்பதை நாம் அறிவோம். காலநிலை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்தி.

உங்கள் ஊருக்கு அருகே காசல்ரீ இல்லாமல் இருக்கலாம். ஒரு குளமோ களப்போ ஆறோ நிச்சயம் இருக்கும். ஐந்தாறு பெண்கள் சேர்ந்து, சிறிது சிறிதாகச் சேமித்து, நம்பகமான படகோட்டியிடம் பேசி, ஒரு காலைப்பொழுதை உங்களுக்கென்று ஒதுக்கிப் பாருங்கள். ஊர் பேசினால் பேசட்டும். அடுத்த தடவை பேசியவர்களில் ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள்.