மேட்டூரைக் கேட்டால் தெரியும் கரண்ட் கணக்கு! 100 யூனிட்டில் எத்தனை கிலோ ஹைட்ரஜன்?

மேட்டூர்: ஒரு டம்ளர் தண்ணீர். அதில் ஒரு ஸ்பூன் ஆப்பசோடா. ஒரு சின்ன பேட்டரி, இரண்டு ஒயர், ஒயர் முனைகளில் பென்சில் கரி. அவ்வளவுதான். இரண்டு முனையிலும் குமிழ் குமிழாகக் கிளம்பும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் ஆக்சிஜன். பள்ளிக்கூடத்தில் 'மின்னாற்பகுப்பு' என்று படித்துவிட்டு பரீட்சையோடு மறந்துபோன சமாச்சாரம் இதுதான்.

இந்தக் குமிழை நம்பித்தான் மத்திய அரசு 2023 ஜனவரியில் 19 ஆயிரத்து 744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் தயாரிக்க வேண்டும் என்பது இலக்கு. காற்றாலை, சூரிய ஒளி கரண்டில் தண்ணீரைப் பிரித்து எடுத்தால் அது பசுமை ஹைட்ரஜன். அதை எரித்தால் கரிப்புகை வராது, தண்ணீர்தான் மிஞ்சும்.

ஏதோ வெளிநாட்டு விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். கரண்டை விட்டுப் பொருளைப் பிரிக்கும் வேலை சேலம் மாவட்டத்துக்குப் பழசு.

உப்புத் தண்ணீரில் மூன்று சரக்கு

மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. 1937-ல் அங்கே நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. அணைத் தண்ணீரும் கரண்டும் பக்கத்திலேயே கிடைத்ததால் ரசாயனத் தொழில் வந்து ஒட்டிக்கொண்டது. கெம்பிளாஸ்ட் சன்மார் ஆலையில் நடப்பது இதுதான்: உப்புக் கரைசலில் கரண்டை விட்டால் காஸ்டிக் சோடா, குளோரின், ஹைட்ரஜன் மூன்றும் வரும். காஸ்டிக் சோடா சோப்புக்குப் போகிறது. குளோரின் குடிதண்ணீர் சுத்தம் செய்யவும், பி.வி.சி. தயாரிக்கவும் போகிறது. ஒரு டன் காஸ்டிக் சோடா எடுக்கும்போது சுமார் 25 கிலோ ஹைட்ரஜன் கூடவே வந்துவிடும்.

(ஆப்பசோடாவுக்குப் பதில் சாப்பாட்டு உப்பைப் போட்டு வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்க வேண்டாம். கிளம்புவது குளோரின், விஷவாயு.)

மலை மண் பாத்திரமான கதை

அதைவிடப் பெரிய கதை மால்கோ. 'மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி' என்ற இந்த ஆலை மேட்டூரில் 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காடு மலையிலும், நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மண் லாரி லாரியாக இங்கே இறங்கியது.

நாலு, அஞ்சு டன் பாக்சைட்டில் ஒரு டன் அலுமினியம் கிடைக்கும். முதலில் மண்ணைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து வெள்ளைப் பொடியாக்குவார்கள். அதன் பெயர் அலுமினா. இந்தப் பொடி சாதாரணமாக உருகாது. கிரையோலைட் என்ற உப்பை 950 டிகிரிக்கு மேல் உருக்கி, அதில் பொடியைக் கரைத்து, கரண்டை விட வேண்டும். கார்பன் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜன் மேலே போய்விடும், அலுமினியம் குழம்பாக அடியில் தங்கும். அமெரிக்காவில் ஹால், பிரான்சில் ஹெரோல்ட் என்ற இரண்டு வாலிபர்கள் ஒருவரை ஒருவர் அறியாமலே 1886-ல் கண்டுபிடித்த வழி இது. அதற்கு முன் அலுமினியம் பெரும் பணக்காரர் வீட்டுப் பொருள்.

கஷ்டம் எங்கே? ஒரு கிலோ அலுமினியத்துக்கு சுமார் 14 யூனிட் கரண்ட் வேண்டும். அதுவும் ராத்திரி பகல் விடாமல் வேண்டும். சில மணி நேரம் கரண்ட் போனால் தொட்டியில் இருப்பது அத்தனையும் உறைந்து பாறையாகிவிடும். வீட்டில் கரண்ட் போனால் விசிறி எடுக்கலாம், உருக்காலைக்கு என்ன எடுப்பது?

1991-ல் மால்கோ மூடப்பட்டது. 1995-ல் ஸ்டெர்லைட் குழுமம் கைக்கு வந்தது. சொந்தமாக அனல் மின் நிலையமும் கட்டிக்கொண்டார்கள். அப்படியும் 2008 கடைசியில் உருக்காலை நின்றது. உலகச் சந்தையில் அலுமினியம் விலை சரிந்திருந்த நேரம் அது. அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அலுமினியத்துக்காகக் கட்டிய மின் நிலையத்தின் கரண்டை வெளியே விற்றார்கள். தமிழ்நாடே கரண்ட் கட்டில் தவித்த வருஷங்கள் அவை. வேலையை நம்பி குடும்பத்தோடு மேட்டூரில் தங்கிவிட்டவர்கள் பாடுதான் திண்டாட்டமானது.

பழையதுக்கு மவுசு

பழைய பாத்திரத்தை உருக்கினால் புது அலுமினியம் எடுக்கும் கரண்டில் 20-ல் ஒரு பங்கு போதும். பழைய இரும்புக் கடையில் அலுமினியத்துக்குத் தனி விலை கிடைப்பது அதனால்தான்.

கொலுசுக்குப் பெயர் போன செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்கு வெள்ளியின் அருமை தெரியும். செம்பு கலந்த பழைய வெள்ளியைச் சுத்தம் செய்யவும் இதே மின்னாற்பகுப்பு முறை உண்டு. வெள்ளி நைட்ரேட் கரைசலில் கலப்பு வெள்ளிக் கட்டியைத் தொங்கவிட்டு கரண்டை விட்டால், எதிர்ப் பக்கத்தில் சுத்த வெள்ளி பொடிப்பொடியாகப் படியும். செம்பு கரைசலிலேயே நின்றுவிடும். கட்டியில் தங்கம் கொஞ்சம் இருந்தால் அது கரையாமல் பையில் மிஞ்சும். அது தனி லாபம்!

100 யூனிட் என்ன தரும்?

ஹைட்ரஜன் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு தண்ணீர் 9 லிட்டர் போதும், ஆனால் கரண்ட் 50 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். வீட்டுக்கு இரண்டு மாசத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை வைத்துப் பார்த்தால், காஸ்டிக் சோடா சுமார் 40 கிலோ, அலுமினியம் 7 கிலோ, ஹைட்ரஜன் 2 கிலோ கூட முழுசாகத் தேறாது. அந்த ஹைட்ரஜனைத் திரும்பக் கரண்டாக்கினால் போட்டதில் பாதி கூட வராது. காற்றாலையும் சோலாரும் மலிவாக, மிச்சமாகக் கரண்ட் தரும் நேரத்தில்தான் இந்தத் தொழில் கட்டுபடியாகும்.

அதற்கான ஒரு சின்ன வெள்ளோட்டம் தூத்துக்குடியில் நடக்கிறது. வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் நிலையம் திறக்கப்பட்டது. இப்போதைக்கு அதில் கிடைக்கும் ஹைட்ரஜன், துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும், மின்சார வண்டி சார்ஜ் போடும் இடத்துக்கும்.