சிறு காருக்கு உயரம் மாற்றத்தக்க சஸ்பென்ஷன்: தேர்வும் பொருத்தும் முறையும்

இந்திய சாலைக் காங்கிரஸ் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, வேகத்தடை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை வகுத்துரைக்கிறது. 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் வில்லாக, 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 செ.மீ. உயரமும் உடையதாக அது இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி அதனைத் தொல்லையின்றிக் கடக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.4 மீட்டர் உள்ள சிறு கார் ஒன்று இதன் நடுவில் நிற்கும்போது, இரு சக்கரங்களையும் இணைக்கும் கோட்டுக்கு மேலே மேட்டின் உச்சி எவ்வளவு எழும்பி நிற்கும்? வட்டக் கணிதம் பயின்ற மாணவன் சில நிமிடங்களில் விடை கண்டுவிடுவான்: ஏறத்தாழ 4.2 செ.மீ. வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 17 செ.மீ. உயரத்தில் இருக்குமாயின் அது மேட்டில் உராய வழியே இல்லை.

ஆயினும் எல்லா மேடுகளும் இவ்வளவுக்குக் கட்டுப்படுவதில்லை. இரண்டடி அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்குக் குவித்து வைத்த தார்க்கட்டையின் மீது செல்லும்போது, அந்த 15 செ.மீ. முழுவதும் வண்டியின் அடியில் வந்து நிற்கிறது. ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிய வண்டி ஏற்கெனவே சில செ.மீ. தாழ்ந்திருக்கும். எஞ்சின் எண்ணெய்த் தொட்டி அடிபடுவது இத்தகைய இடங்களில்தான். ஆகவே வண்டியை உயர்த்த விரும்புவோர் உளர். நெடுஞ்சாலை வளைவுகளில் வண்டி சாயாமல் செல்ல வேண்டுமென்று தாழ்த்த விரும்புவோரும் உளர். இரு சாராருக்கும் பொருந்துவதாகக் கூறி, சரிசெய்யத்தக்க சஸ்பென்ஷன் தொகுதிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதை அறிந்த பின்னரே பணத்தைச் செலவிடுதல் நன்று.

சரிசெய்தல் என்னும் கருத்து புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ட்ருஃபோ என்பவர் வகுத்து ஹார்ட்ஃபோர்டு என்பவர் விற்பனைக்குக் கொணர்ந்த உராய்வுத் தணிப்பானில், ஒரு திருகை முறுக்கித் தடையைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. 1955-ல் வெளிவந்த சிட்ரோயன் டி.எஸ். காரில், ஓட்டுநர் ஒரு நெம்புகோலை நகர்த்தியே வண்டியின் உயரத்தை மாற்றினார். இன்று சிறு கார்களுக்குக் கிடைப்பது இவற்றைவிட எளிய சாதனம்: மரையிட்ட குழல், அதன்மேல் ஏறி இறங்கும் வளையம், அந்த வளையத்தின்மேல் அமரும் சுருள்வில், குழலினுள் எண்ணெயால் இயங்கும் தணிப்பான். தொழிற்கூடங்களில் ‘ஷாக் அப்சார்பர்’ என்று வழங்கப்படுவது இத்தணிப்பானே.

இந்தியாவில் ஓடும் சிறு கார்களில் பெரும்பாலானவற்றின் முன்புறத்தில், 1950-ல் இங்கிலாந்தின் ஃபோர்டு கான்சல் காரில் இடம்பெற்றுப் பின்னர் உலகெங்கும் பரவிய மக்ஃபர்சன் அமைப்பே காணப்படுகிறது. அதில் வில்லும் தணிப்பானும் ஒரே காலாக அமைந்துள்ளன. பின்புறத்தில் பல கார்களில் வில் தனியாகவும் தணிப்பான் தனியாகவும் இருக்கும். ஆகவே ஒரே தொகுதியை வாங்கினாலும் முன்னும் பின்னும் வேலை வேறுபடும்.

வளையத்தைத் திருகினால் வில் கடினமாகுமா?

ஆகும் என்று பலர் நம்புகின்றனர். விற்பவர்களும் சில வேளைகளில் அவ்வாறே கூறுகின்றனர். ஆனால் அது உண்மையன்று. இதனை வகுப்பறையிலேயே மெய்ப்பிக்கலாம். தாங்கியில் ஒரு சுருள்வில்லைத் தொங்கவிட்டு 500 கிராம் எடையை மாட்டி, அதன் நீட்சியை அளக்கவும். பின்னர் வில்லின் மேல்முனையை 5 செ.மீ. உயர்த்தவும். எடை 5 செ.மீ. உயரும், நீட்சியோ முன்பிருந்த அளவே இருக்கும். மேலும் 100 கிராம் சேர்த்தால், இரு நிலைகளிலும் ஒரே அளவே கூடுதலாக நீளும். வில்லின் கடினம் அதன் கம்பியின் தடிப்பு, சுருளின் விட்டம், சுருள்களின் எண்ணிக்கை, உலோகத்தின் தன்மை ஆகியவற்றைப் பொறுத்தது. அது எங்கே அமர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. வளையம் உயரத்தை மாற்றுகிறது, அவ்வளவே.

சுருள்களுக்கிடையே செருகும் ரப்பர், யூரித்தேன் கட்டைகளும் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. இவை சில சுருள்களை இயங்கவொட்டாமல் தடுப்பதால் வில் உண்மையாகவே கடினமாகும். ஆனால் எஞ்சிய சுருள்கள் முழுச் சுமையையும் ஏற்று மிகுதியாக முறுக்கப்படுகின்றன. தொலைவிடங்களுக்குச் செல்லும் வண்டிக்கு இவற்றைப் பரிந்துரைப்பதற்கில்லை.

கடினத்தை அளக்கும் முறை

வில்லின் மீது வண்டி அமரும்போது அது எத்தனை செ.மீ. அமுங்குகிறது என்று கண்டு, அவ்வெண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுத்தால், வண்டி வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறத்தாழக் கிடைக்கும். 900 கி.கி. எடையுள்ள கார் ஒன்றில் முன்சக்கரம் ஒவ்வொன்றின் வில்லும் சுமார் 240 கி.கி. தாங்குவதாகக் கொள்வோம். ஒரு மி.மீ. அமுங்க 2 கி.கி. தேவைப்படும் வில்லானால் அமுக்கம் 12 செ.மீ.; ஆட்டம் வினாடிக்கு 1.4 முறை. இது உடலுக்கு இசைவானது. சந்தையில் விற்கும் தொகுதிகள் பலவற்றில் வில்லின் கடினம் இதைப் போல் இருமடங்கு இருக்கும். அப்போது அமுக்கம் 6 செ.மீ., ஆட்டம் வினாடிக்கு 2 முறை. பந்தயத் தடத்தில் இதனைக் குறை கூறுவார் இலர். பெயர்ந்த கப்பிச் சாலையில் நாள்தோறும் 60 கி.மீ. செல்லும் களப்பணியாளரின் முதுகெலும்பும், அவர் உடன் கொண்டு செல்லும் கண்ணாடிக் கருவிகளும் வேறு தீர்ப்பு வழங்கும்.

சுமையும் உயரமும்

சிறு காரின் இடர்ப்பாடு அதன் சிறுமையிலேயே உள்ளது. ஐந்து பேரும் 50 கி.கி. பொருள்களும் ஏறினால் ஏறத்தாழ 375 கி.கி. ஆகும். 1,800 கி.கி. எடையுள்ள பெரிய வண்டிக்கு இது ஐந்தில் ஒரு பங்கு, 900 கி.கி. எடையுள்ள சிறு காருக்கோ ஐந்தில் இரு பங்கு. இச்சுமையின் பெரும்பகுதி பின் அச்சில் விழுகிறது. ஒவ்வொரு பின்வில்லின் மீதும் 110 கி.கி. கூடினால், மி.மீட்டருக்கு 2 கி.கி. கடினமுள்ள வில் 5.5 செ.மீ. தாழும். ஆளில்லாத வண்டியைத் தொழிற்கூடத்தில் நிறுத்தி, பார்வைக்கு அழகாக உயரத்தை அமைத்துக்கொண்டு செல்பவர் இதனைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிய பின்னரே அளவெடுக்க வேண்டும்.

உயரத்தை மாற்றுவதிலும் இரு முறைகள் உண்டு. மலிவான தொகுதிகளில் வில்லின் இருக்கை மட்டுமே நகரும். இருக்கையைத் தாழ்த்தினால் தணிப்பானின் தண்டு உள்ளே செல்ல எஞ்சிய தூரம் குறைந்து, சிறு பள்ளத்திலும் அது ரப்பர்த் தடையில் மோதும். அன்றியும் ஜாக்கினால் வண்டியைத் தூக்கும்போது வில் தளர்ந்து இருக்கையிலிருந்து விலகவும் கூடும். இருக்கையை உயர்த்தினால், சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்குரிய தூரம் குறைகிறது. தண்டு முழுதும் நீண்டு ‘டக்’கென்று ஒலிக்கும். சற்று விலை கூடிய தொகுதிகளில் கீழ்ப்பிடியும் மரையில் நகர்வதால், தணிப்பானின் இயக்கத் தூரத்தைக் குலைக்காமல் காலின் நீளத்தையே மாற்றலாம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டின் பின்னதே கொள்ளத்தக்கது.

மக்ஃபர்சன் காரை மிகவும் தாழ்த்துவதில் மற்றொரு விந்தையும் உண்டு. கீழ்க்கை வெளிமுனையில் மேல்நோக்கிச் சாய்ந்ததும், வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அப்புள்ளி, வண்டியின் புவியீர்ப்பு மையத்தைக் காட்டிலும் விரைவாகக் கீழிறங்கிவிடுகிறது. ஆகவே சாய்வைக் குறைப்பதற்கென்று தாழ்த்திய வண்டி, வில் கடினமாக்கப்படாவிடில், முன்னிலும் மிகுதியாகச் சாய முயலும். மிகவும் உயர்த்தினாலோ, முன்சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளின் மூட்டுகள் கூடிய கோணத்தில் இயங்கி, அவற்றின் ரப்பர் உறைகள் விரைவில் கிழியும். களப்பணி வண்டிக்கு, தயாரிப்பாளர் அமைத்த உயரத்தினின்றும் 2 செ.மீட்டருக்கு மேல் மாறாதிருத்தலே அறிவுடைமை. பலருக்கு உயரத்தையே தொடாமல், சரிசெய்யத்தக்க தணிப்பான்களை மட்டும் மாற்றுவது போதும்.

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அதற்கு முற்பட்ட கார்கள் சிலவற்றில், பின் அச்சுடன் ஒரு சிறு வில்லால் இணைக்கப்பட்ட வால்வு ஒன்று, வண்டி எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைக் கொண்டு சுமையை மதிப்பிட்டுப் பின்பிரேக்கின் அழுத்தத்தை வகுக்கிறது. பின்புறத்தை உயர்த்தினால் வண்டி காலியாக உள்ளதென்று வால்வு கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். நிற்க வேண்டிய தூரம் நீளும். தாழ்த்தினால் சுமை உள்ளதென்று கொண்டு அழுத்தத்தைக் கூட்டும். மழையில் பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழல இடமுண்டு. உயரத்தை மாற்றியவர் இவ்வால்வையும் தயாரிப்பாளரின் கையேட்டின்படி சரிசெய்தல் வேண்டும். முகப்பு விளக்கின் குறியையும் அன்றே திருத்தினால் எதிரே வருபவரின் கண் கூசாது.

பொருத்துதல்

பழைய காலைக் கழற்றுவதில்தான் உயிருக்கு அபாயம் உள்ளது. மேற்கூறிய வில்லை 15 செ.மீ. அமுக்கி வைத்தால் அது 300 கி.கி. விசையுடன் திமிறி நிற்கும். அதில் அடங்கிய ஆற்றல், 23 கி.கி. எடையுள்ள கல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படுவதற்குச் சமம். அமுக்கும் கருவியை வில்லின் இருபுறமும் எதிரெதிராக மாட்டி, வில் இருக்கையைவிட்டுத் தளர்ந்த பின்னரே நடுமரையைக் கழற்ற வேண்டும். வண்டியை ஜாக்கின் மீது நிறுத்தி வேலை செய்யலாகாது; உறுதியான ஸ்டாண்டுகளே வேண்டும்.

பிரேக் குழாயையும் ஏ.பி.எஸ். கம்பியையும் காலிலிருந்து முதலில் விடுவித்துக்கொள்க. சக்கரத்தின் கனத்தை ரப்பர்க் குழாயில் தொங்கவிடுதல் கூடாது. புதிய காலைப் பொருத்தி மரைகளைக் கையால் மட்டும் முறுக்கி, சக்கரத்தை மாட்டி வண்டியைத் தரையில் இறக்குக. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் டார்க் ரெஞ்சினால் குறித்த அளவுக்கு முடுக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், புஷ் எந்நேரமும் முறுக்குண்டு கிடந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். நம் தொழிற்கூடங்களில் மிகுதியும் புறக்கணிக்கப்படுவது இவ்விதியே.

உயரத்தை, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளப்பது நன்று. டயரின் காற்று குறைந்திருந்தாலும் இவ்வளவு மாறாது. மரையின் இடைவெளி 2 மி.மீ. ஆனால் ஐந்து சுற்றுக்கு வளையம் 1 செ.மீ. நகரும். பின்வில் சக்கர அச்சுக்கு முன்னே அமைந்த கார்களில், நெம்புகோல் விதிப்படி, வளையம் நகர்வதைவிட வண்டி மிகுதியாக உயரும். இடமும் வலமும் சமமாக இருத்தல் இன்றியமையாதது. ஒரு கால் நீண்ட நாற்காலி எவ்வாறு குறுக்காக ஆடுமோ, அவ்வாறே ஒரு மூலையை மட்டும் உயர்த்திய வண்டியில் அந்த மூலையும் அதன் எதிர்மூலையும் கூடுதல் எடையை ஏற்கும். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபுறம் இழுக்கும். உயரம் மாறியதும் சக்கரங்களின் கோணங்களும் மாறிவிடுவதால், வீல் அலைன்மென்ட் அன்றே செய்தாக வேண்டும்.

தணிப்பானின் குமிழை இறுதியில் தொடுக. பெரும்பாலானவற்றில் அது வில் மீளும்போதுள்ள தடையையே மிகுதியும் மாற்றுகிறது. மிகத் தளர்ந்த நிலையில் தொடங்கி, ஒவ்வொரு படியாகக் கூட்டி, அறிந்த ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்க்கவும். மேட்டைக் கடந்தபின் வண்டி ஒருமுறை எழுந்து அடங்கினால் போதும். தடை மிகுதியானால், அடுத்தடுத்த பள்ளங்களில் வில் முழுதும் மீள நேரமின்றி வண்டி படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போகும். கூட்டிய படிகளில் சிலவற்றை அப்போது குறைத்துவிடுக.

சட்டத்தையும் மறத்தலாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடும்வண்ணம் வண்டியை மாற்றுதல் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனைக் கண்டிப்புடன் வலியுறுத்தியது. ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். அலுவலக வண்டியாயின் துறையின் அனுமதியின்றி எதனையும் மாற்றலாகாது என்பதைக் கூற வேண்டியதில்லை.

500 கி.மீ. ஓடியபின் பூட்டு வளையங்களையும் போல்ட்டுகளையும் மீண்டும் சோதிக்கவும். வில் சற்றுப் படிந்து உயரம் சில மி.மீ. குறைந்திருக்கலாம். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மரையிலுள்ள சேற்றைப் பித்தளைத் தூரிகையால் நீக்கி, துரு பிடியாத மசகு பூசி வைத்தால், அடுத்த முறை வளையம் கையோடு சுழலும். கடற்கரை ஊர்களில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை இதனைச் செய்ய நேரும்.