வெஸ்ட் ஆக்லண்டு கால்பந்துச் சங்கமும் அடகுபோன கோப்பையும்

கிராமத்துப் பொதுச் சங்கங்களின் சரித்திரத்தை ஆராய்வோர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலப்படும். சங்கமொன்றைத் தோற்றுவிக்க உற்சாகம் போதும். அதனை நிலைநிறுத்துவதற்கோ ஒழுங்கான வரவு செலவு வேண்டும். இவ்வுண்மை கடன் சங்கத்திற்கும் பண்டகசாலைக்கும் மட்டுமன்றி, பொழுதுபோக்கின் பொருட்டு ஏற்பட்ட விளையாட்டுச் சங்கத்திற்கும் பொருந்தும். இங்கிலாந்து தேசத்தில் ஒரு சிறு கிராமத்தார் நடத்திவந்த கால்பந்துச் சங்கத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அதில் மெச்சத்தக்கதும் உண்டு. எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கதும் உண்டு.

ஊரும் சங்கமும்

இங்கிலாந்தின் வடகிழக்குப் பாகத்தில் டர்ஹாம் என்னும் ஜில்லா உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஜில்லா நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்ததாயிருந்தது. அங்குள்ள கிராமங்களுள் ஒன்று வெஸ்ட் ஆக்லண்டு. அவ்வூர் ஆண்மக்களிற் பலர் பூமிக்கடியில் இறங்கி நிலக்கரி வெட்டிப் பிழைத்தவர்கள். அவர்களுடைய கால்பந்துச் சங்கம் 1893-ம் வருஷத்தில் தோன்றியது.

இங்கிலாந்தில் கால்பந்தாட்டத்திற்கு விதிகள் வகுக்கும் சம்மேளனம் 1863-ம் வருஷத்தில் ஏற்பட்டது. கூலி பெற்று ஆடுவதை அச்சம்மேளனம் 1885-ம் வருஷத்தில் அங்கீகரித்தது. அதுமுதல் ஆட்டக்காரர் இருவகையினராயினர். ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டு சம்பளம் பெறுவோர் ஒரு வகையினர். வேறு தொழிலாற் பிழைத்துக்கொண்டு, ஊதியங் கருதாது ஆடும் அமெச்சூர் ஆட்டக்காரர் மற்றொரு வகையினர். வெஸ்ட் ஆக்லண்டார் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள். ஓய்வு நாளில் ஆடுவதே அவர்கள் வழக்கம். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாதாகையால், வெளியூருக்குச் சென்று ஆடுவது அவர்களுக்கு இருவகை நஷ்டம்: கூலியும் போகும், வழிச்செலவும் ஆகும்.

லிப்டன் கோப்பை

தேயிலை வியாபாரத்திற் பெரும்பொருள் ஈட்டிய ஸர் தாமஸ் லிப்டனின் பெயரை நம்மவர் அறிவர். ஸ்காட்லாந்து தேசத்தவரான அவர் 1890-ம் வருஷத்தில் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். தமிழ் ஜில்லாக்களிலிருந்து கடல் கடந்து சென்ற தொழிலாளரே அத்தகைய தோட்டங்களிற் பெரும்பாலும் உழைத்தனர். அவ்வியாபாரத்தில் வந்த செல்வத்தின் ஒரு சிறு பகுதியே, பல தேசத்துக் கால்பந்துச் சங்கங்கள் போட்டியிடுவதற்கு வெள்ளிக்கோப்பையாக உருக்கொண்டது.

1909-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், இத்தாலி தேசத்து டூரின் நகரில் பந்தயம் நடந்தது. இத்தாலி, ஜெர்மனி, ஸ்விட்ஸர்லாந்து ஆகிய தேசங்களின் கோஷ்டிகள் கலந்துகொண்டன. இங்கிலாந்தின் சம்மேளனம் தன் சார்பில் கோஷ்டி எதையும் அனுப்ப இசையவில்லை. இங்கிலாந்தின் பெயர் இல்லாமற் போவதை லிப்டன் விரும்பவில்லை. அழைப்பு வெஸ்ட் ஆக்லண்டாருக்கு வந்தது. பெரிய பட்டணத்துச் சங்கமொன்றின் பெயருக்கும் இவ்வூர்ப் பெயருக்கும் முதலெழுத்துக்கள் ஒன்றாயிருந்தமையால் கடிதம் மாறி வந்ததென்று ஒரு கதை வழங்குகிறது; அதனைச் சரித்திரமாகக் கொள்ள வேண்டுவதில்லை.

சுரங்கத் தொழிலாளர் ரயிலிலும் கப்பலிலுமாகச் சென்று டூரின் நகரை அடைந்தனர். ஏப்ரல் 11-ந் தேதி ஜெர்மனியின் ஸ்டட்கார்ட் கோஷ்டியை இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வென்றனர். மறுநாள் இறுதிப் பந்தயத்தில் ஸ்விட்ஸர்லாந்தின் விண்டர்தூர் கோஷ்டியையும் அதே கணக்கில் வென்று கோப்பையைப் பெற்றனர். 1911-ம் வருஷத்தில் மீண்டும் டூரினுக்குச் சென்றனர். அம்முறை ஜூரிக் கோஷ்டியை வென்றபின், ஏப்ரல் 17-ந் தேதி யுவெண்டஸ் என்னும் டூரின் நகரத்துச் சங்கத்தை ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் முறியடித்தனர். அந்த யுவெண்டஸ் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சங்கமாயிற்று. அடுத்தடுத்து இருமுறை வென்றமையால் கோப்பை வெஸ்ட் ஆக்லண்டாருக்கே சொந்தமாயிற்று.

கால்பந்தில் உலகக் கோப்பை என்று இன்று வழங்கும் பந்தயம் உருகுவே தேசத்தில் 1930-ம் வருஷத்திலேதான் தொடங்கியது. ஆகையால், முதல் உலகக் கோப்பையைத் தாங்களே வென்றதாக அக்கிராமத்தார் பெருமை பேசுவதில் வியப்பில்லை.

கோப்பை அடகு போனது

இனி, வெற்றிக்குப் பின் நிகழ்ந்ததைக் கவனிப்போம். வென்ற கோஷ்டி ஊர் திரும்பியபோது கோப்பையோடு கடனும் கூட வந்தது. பிரயாணச் செலவு சங்கத்தின் சக்திக்கு மிஞ்சியதாயிருந்தது. சங்கத்திடம் விலைபெறத்தக்க பொருளாக இருந்தது அக்கோப்பை ஒன்றே. அவ்வூரில் விடுதி நடத்திய ஓர் அம்மையாரிடம் அதனை ஈடாக வைத்து 40 பவுன் பெற்றார்கள்.

ஈடு வைத்த பொருள் எளிதில் மீளவில்லை. 1960-ம் வருஷத்தில்தான் ஊரார் 100 பவுன் சேர்த்துக் கொடுத்துக் கோப்பையை மீட்டனர். வெற்றி நடந்தபோது பிறந்த குழந்தை பேரன் பேத்தி எடுக்கும் காலம் அது. இடையில் சுமார் அரை நூற்றாண்டுக் காலம், ஊரின் பெருமை வேறொருவர் வசம் இருந்தது. கடன் கொடுத்த அம்மையாரைக் குறைகூற இடமில்லை. வேண்டிய சமயத்தில் உதவியவர் அவரே.

40 பவுன் என்பது பெருந்தொகையா என்று சிலர் கேட்கலாம். அதே வட இங்கிலாந்தில், ராச்டேல் நகரத்து நெசவாளரும் பிறருமாக 28 பேர் 1844-ம் வருஷத்தில் தங்கள் கூட்டுறவுப் பண்டகசாலையைத் தொடங்கியபோது, அவர்களுடைய முதல் 28 பவுனேயாகும். தலைக்கு ஒரு பவுனாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த முதல் அது. சிறு தொகை, முன்னதாகச் சேர்க்கப்பட்டபோது ஒரு பேரியக்கத்திற்கு வித்தாயிற்று. ஏறக்குறைய அதே அளவுத் தொகை, பின்னதாகத் தேடப்பட்டபோது ஊரார் மதிப்பரிய பொருளைக் கைவிட்டனர்.

இரண்டாம் இழப்பு

மீட்ட கோப்பையை ஊர்த் தொழிலாளர் மன்றத்தில் யாவரும் காணும்படி வைத்திருந்தார்கள். 1994-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் அது களவு போயிற்று. அசல் கோப்பை திரும்பக் கிடைக்கவில்லை. அதனைப் போலவே செய்யப்பட்ட வேறொன்று அதன் ஸ்தானத்தில் வைக்கப்பட்டது.

ஆயினும் சங்கம் அழியவில்லை. 1961-ம் வருஷத்தில் அமெச்சூர் சங்கங்களுக்குரிய கோப்பையின் இறுதிப் பந்தயத்தில், லண்டன் நகரத்து வெம்ப்லி மைதானத்தில் ஆடி, ஒரே கோல் வித்தியாசத்தில் தோற்றது. 1974-ம் வருஷத்தில் அமெச்சூர், தொழில் ஆட்டக்காரர் என்னும் பாகுபாட்டைச் சம்மேளனம் நீக்கிவிட்டது. அதன் பின்னரும், சிறு சங்கங்களுக்கென நடைபெறும் எப். ஏ. வேஸ் பந்தயத்தில் 2012, 2014-ம் வருஷங்களில் இறுதி ஆட்டம்வரை அக்கிராமத்தார் சென்றனர். கோப்பை போயும் சங்கம் நிலைத்ததற்குக் காரணம், ஊரார் அதனைத் தங்களுடையதாக எண்ணியதேயாம்.

நாம் கொள்ளத்தக்கவை

முதலாவது, செலவை ஏற்குமுன் வரவைத் தீர்மானிக்க வேண்டும். விதைக்கு வாங்கிய கடனை விளைச்சல் தீர்க்கும். புகழுக்காக வாங்கிய கடனைப் புகழ் தீர்ப்பதில்லை. ஆட்டத்தில் வென்றாலும் தோற்றாலும் வழிச்செலவு ஒன்றே. திருவிழாவோ, பந்தயமோ, மகாநாடோ, எதுவாயினும் புறப்படுமுன் மகாசபையைக் கூட்டி உத்தேசக் கணக்கு வைத்துச் சம்மதம் பெறுதல் நலம்.

இரண்டாவது, சேமநிதி வேண்டும். 1912-ம் வருஷத்து இந்தியக் கூட்டுறவுச் சட்டம், லாபமடையும் சங்கங்கள் நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் சேமநிதிக்கு ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. அவ்விதியைச் சுமையென்று முணுமுணுத்தவர் உண்டு. இருமுறை வெற்றி பெற்றும் கோப்பையை இழந்த இக்கிராமத்தின் கதை அவர்களுக்குரிய விடையாகும்.

மூன்றாவது, பொதுப்பொருளுக்குப் பாதுகாப்பு வேண்டும். சங்கத்தின் சொத்துக்களுக்கு ஜாபிதா இருக்க வேண்டும். அவை யார் பொறுப்பில், எவ்விடத்தில் உள்ளன என்பதை வருஷந்தோறும் சரிபார்க்க வேண்டும். எல்லோருக்கும் சொந்தமானதைக் காக்கும் கடமை ஒருவருக்கும் இல்லையென்றாகிவிடலாகாது.

நான்காவது, இழந்ததை மீட்பதும் கூட்டுறவினாலேயே கூடும். 1960-ம் வருஷத்தில் கோப்பையை மீட்டவர்கள் பிரபுக்களல்லர். தம் ஊரின் பொருள் தம் ஊரில் இருக்க வேண்டுமென்று கருதிய கிராமத்தாரே. அந்தக் கருத்து, கடன் ஏற்படுமுன்னரே சந்தாவாகவும் சேமிப்பாகவும் உருக்கொண்டிருக்குமாயின், கோப்பை ஒருநாளும் ஊரை விட்டுப் பிரிந்திராது. நம் சங்கத்து அங்கத்தினர் அடுத்த மகாசபையில் சேமநிதிக் கணக்கைக் கேட்கும்போது இதனை நினைவிற் கொள்வார்களாக.