இல்லம் புகுந்த வைத்தியக் கருவிகள்

சத்திர சிகிச்சை இனிது நிறைவேறிற்று என்று வைத்தியர் கூறிய அளவில், நோயாளியின் இடர் முழுதும் நீங்கிவிட்டதென எண்ணுவார் பலர். அஃது உண்மையன்று. புண் முற்றும் ஆறுமுன்னரே நோயாளியை இல்லத்துக்கு அனுப்புதல் இக்காலத்தில் பெருவழக்காயிற்று. ஆகவே, செவிலியர் செய்துவந்த காவற்பணியில் ஒரு பகுதி வீட்டாரிடமும், அவர் கையிற் கொடுக்கப்படும் சிறு கருவிகளிடமும் வந்து சேர்ந்துள்ளது. அக்கருவிகள் நுட்பத்தாற் சிறந்திருத்தல் மட்டும் போதாது. களைத்த நோயாளியும் கண்மங்கிய முதியோரும் பிழையின்றிக் கையாளத்தக்கனவாயும் இருத்தல் வேண்டும். இதனை இரண்டு கருவிகளைக் கொண்டு விளக்குவாம்.

முதலாவது, மூச்சுப் பயிற்சிக் கருவி. மார்பிலேனும் மேல்வயிற்றிலேனும் சத்திர சிகிச்சை பெற்றவர் வலிக்கு அஞ்சி மேலோட்டமாகவே சுவாசிப்பர். அதனால் நுரையீரலின் அடிப்பாகங்கள் காற்றின்றிச் சுருங்கும், சளி தேங்கும், சிலருக்கு நிமோனியாவும் நேரும். இதனைத் தடுக்கவே மூன்று பந்துகள் கொண்ட பிளாஸ்டிக் கருவி கொடுக்கப்படுகிறது. குழாயை வாயிற் பொருத்தி மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். அதிற் காணும் 600, 900, 1200 என்னும் எண்கள், வினாடிக்கு எத்தனை கன சென்டிமீட்டர் வேகத்திற் காற்று ஈர்க்கப்படுகிறது என்பதைக் குறிப்பன.

ஆனால், குழாயைக் கண்டவர் ஊதவே முற்படுவர். குழலும் சங்கும் ஊதிப் பழகிய உலகமன்றோ! ஊதினாற் பந்து எழாது. உடனே கருவி பழுதென்று அதனை மூலையில் வைத்துவிடுவாரும் உளர். வேறு சிலர், மூன்று பந்துகளும் எழுவதே வெற்றியெனக் கருதி வெடுக்கென இழுப்பர். மெல்ல ஆழ்ந்து இழுத்துச் சில வினாடி நிறுத்துதலே நுரையீரலை விரிப்பது. கருவியைச் சாய்த்துப் பிடித்தாலோ, சிறு முயற்சிக்கே பந்து எழுந்து நம்மை ஏமாற்றும்.

இரண்டாவது, விரலிற் பொருத்தும் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளராகிய தக்குவோ அவோயாகி 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட தத்துவத்தின்மேல் அமைந்தது இது. விரலினூடே ஒளியைச் செலுத்தி, இரத்தத்திற் பிராணவாயு நிறைந்துள்ள விழுக்காட்டையும் நாடித்துடிப்பையும் காட்டும். இரண்டு எண்கள் அருகருகே தோன்றுதலால் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் எளிது. மேலும், எதிரே அமர்ந்திருப்பவர்க்கு எண்கள் தலைகீழாகத் தோன்றும். 86 என்பதைத் தலைகீழாக நோக்கின் 98 ஆகும்! 98 பெரும்பாலும் நலத்தின் அறிகுறி. 86 உடனே வைத்தியரை நாடவேண்டிய நிலை. எண்களைத் திருப்பிக் காட்டும் வசதி பல கருவிகளில் உண்டாயினும், அதனை அறியாதார்க்கு என்ன பயன்? நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் அளவைப் பிழைபடுத்தும் என்பதையும் மறத்தலாகாது.

இவற்றைப் பேதையரின் பிழை என்று தள்ளுதல் முறையன்று. பலரும் ஒரே வகையில் தவறுவராயின், குற்றம் கருவியின் அமைப்பிலும் கற்பித்த முறையிலும் உளதென்பதே பொருந்தும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், வீட்டிற் பயன்படும் மருத்துவ மின்கருவிகளுக்கெனத் தனித் தரவிதியை 2010இல் வெளியிட்டமை இதனை உணர்ந்தே.

எனவே, வீடு திரும்புமுன் நோயாளியே கருவியை இயக்கிக் காட்ட, செவிலியர் அருகிருந்து திருத்துதல் வேண்டும், “விளங்கிற்றா?” என்று வினவுதல் மட்டும் போதாது. நாளை கருவிகள் சமைக்கப்போகும் மாணவரும், வைத்தியம் பயிலப்போகும் மாணவரும் ஒன்றை நினைவிற் கொள்வாராக: கருவியின் சிறப்பை அளக்கும் இடம் ஆய்வுக்கூடமன்று; நோயாளியின் நடுங்கும் கையே.